சேஃப்சர்ச் பொய்யைப் பிடிக்காது

‘பள்ளிக் கணினியில் சேஃப்சர்ச் போட்டுவிட்டால் போதும், பிள்ளைகள் எதைத் தேடினாலும் நம்பகமான பக்கம்தான் வரும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. கூகுளின் சேஃப்சர்ச் ஆபாசத்தையும் கொடூர வன்முறைப் படங்களையும்தான் வடிகட்டும். அதுவும் கூகுள் தேடல் முடிவுகளில் மட்டும். முகவரியை நேரடியாகத் தட்டிப் போனால் தடுக்காது. எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று அது பார்ப்பதே இல்லை.

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998இல் ஒரு கேலிப் பக்கம் இணையத்தில் வந்தது. படம், விலங்கியல் பெயர், ‘அழிவிலிருந்து காப்பாற்றுங்கள்’ என்ற வேண்டுகோள், எல்லாம் கச்சிதம். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது பெரும்பாலோர் அப்படியே நம்பிவிட்டார்கள். இத்தனைக்கும் இணையத்தில் தேடிப் படிப்பதில் கெட்டிக்காரப் பிள்ளைகள். சேஃப்சர்ச் அந்தப் பக்கத்தை ஏன் தடுக்கப் போகிறது? அதில் ஆபாசம் எதுவும் இல்லையே!

சேஃப்சர்ச்சைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அப்புறம் அந்த ஆக்டோபஸ் பக்கத்தையே வகுப்பில் காட்டி, உலாவியில் இன்னொரு டேபைத் திறந்து அதன் பெயரைத் தேடச் சொல்லுங்கள். முதல் சில முடிவுகளிலேயே குட்டு உடைந்துவிடும்.