வீட்டில் கட்டிய விமானம் எங்கே உடைகிறது?

யாராவது வீட்டு ஷெட்டில் விமானம் கட்டிப் பறந்தார் என்று செய்தி வந்தால் போதும், கமெண்டில் பாதிப் பேர் "நடுவானில் இறக்கை கழன்று விழும் பாருங்க" என்று ஆரூடம் சொல்லிவிடுகிறார்கள். நான் ஓசூரில் ஷீட் மெட்டல் பட்டறையில் தரம் பார்க்கிறவன். எனக்கென்னவோ அந்தப் பயம் தப்பான ஆள் மேல் விழுகிறது என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் கிட் விமானம், அதாவது பாகங்களைக் கம்பெனியிடம் வாங்கி வீட்டில் பூட்டுவது, என்றால் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீத வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் தகடுகளை இணைக்கிற ஆணியான ரிவெட்டை அடிப்பதுதான். அடித்த ரிவெட்டின் தலை, தண்டைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். அளவுகோலான கேஜ் வைத்துப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது எங்கள் பட்டறையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நாளைக்கு அதில் ஏறி உட்காரப் போகிறவன் பார்ப்பான்.

அப்படியென்றால் விபத்தே இல்லையா? இருக்கிறது, சாதாரண சிறு விமானங்களைவிட அதிகமாகவே. ஆனால் அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. 2012இல் வெளியிட்ட ஆய்வில் முன்னால் நிற்பவை எஞ்சின் கோளாறும், விமானி கட்டுப்பாட்டை இழப்பதும்தான். 2011இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இறந்ததும் அப்படித்தான். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி என்ற சிறு விமானம். வரைபடப்படி எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு டாங்கிலிருந்து இன்னொரு டாங்குக்கு மாற்ற வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் தெரியாமல் விமானத்தை இடம் வலம் திருப்புகிற ரடர் பெடலை அழுத்தியிருக்கலாம் என்றது விசாரணை. இறக்கை கடைசிவரை உடையவில்லை.

இறக்கையே உடைந்த கதையும் உண்டு. ஸோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். என்ற ரகம். 2006க்கும் 2009 தொடக்கத்துக்கும் இடையில் ஆறு விமானங்கள் வானத்திலேயே சிதறி, பத்துப் பேர் போனார்கள். என்.டி.எஸ்.பி. கை நீட்டியது ரிவெட் அடித்தவரை அல்ல, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரானை. அது படபடக்காமல் தடுக்கிற எதிர் எடை அதில் கிடையாது. குறிப்பிட்ட வேகத்தில், புயலில் மாட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி அது படபடக்க ஆரம்பித்தால் சில நொடிகளில் இறக்கையையே பிய்த்துவிடும். 2009 ஏப்ரலில் இவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொல்லி வாரியம் கேட்டும், அமெரிக்க அரசு விமானத் துறை நவம்பரில்தான் அசைந்தது. பிறகு எதிர் எடை வைத்தார்கள், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரை வலுப்படுத்தினார்கள். இதில் சிலவற்றை ஃபேக்டரியிலேயே முழுசாகக் கட்டி விற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வீட்டில் கட்டிய விமானத்தைச் சோதிக்க வருகிற அதிகாரி காகிதத்தைப் பார்ப்பார், வேலைப்பாட்டைப் பார்ப்பார். வடிவமைப்பு தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை இல்லை. இறக்கையில் மணல் மூட்டை அடுக்கி எடை ஏற்றிப் பார்த்தாயா என்று கிட் விற்கிறவனை யாரும் சட்டப்படி கேட்பதில்லை. நல்ல கம்பெனிகள் தாமாகச் செய்கின்றன, அவ்வளவுதான்.

அந்த நல்ல கம்பெனிகளில் ஒன்றுதான் கிட் விற்கிற அமெரிக்கக் கம்பெனி வேன்ஸ். அவர்களுடைய ஆர்.வி. ரகங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. 2023இல் அங்கேயே சிக்கல் வந்தது. துளைகளை லேசரில் வெட்டிய தகடுகளில், ரிவெட் தலை உட்காரக் குழி அமுக்கும்போது விரிசல். சோதித்துப் பார்த்துப் பெரும்பாலானவற்றால் ஆபத்தில்லை என்றது கம்பெனி. கட்டுகிறவர்கள் கேட்கவில்லை, மாற்றித் தா என்றார்கள். வேறு நஷ்டங்களும் சேர்ந்து டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய், மறு வருஷம் மீண்டது. கம்பெனியின் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் விரிசல் கண்ணில் பட்ட தகட்டை என் இறக்கையில் அடி என்றால் நானும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

இந்த விமானங்களுக்குள், பயணி கண்ணில் படுகிற மாதிரி, இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று ஒட்டியிருக்கும். ஆர்.வி. என்றால், ஓட்டுகிறவரே கட்டியது என்றால், அதைப் படித்துவிட்டும் ஏறுவேன். "பெட்ரோல் லைனை மட்டும் என் வசதிக்குக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன்" என்றாரானால் கீழேயே நின்று டாட்டா காட்டிவிடுவேன்.