யூதர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று ஜெபிக்கும் நமக்கு

எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்காத தமிழ்ச் சபை இருக்கிறதா? எனக்குத் தெரிந்து குறைவு. அந்த ஜெபம் பெரும்பாலும் "அவர்கள் கண்களைத் திறந்தருளும், மேசியாவை ஏற்றுக்கொள்ளட்டும்" என்றுதான் முடியும். அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் ஒரு யூதர் இதைக் கேட்டால் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று நம்மில் பலருக்குப் புரிவதில்லை. "கடின இருதயம்" என்று ஒரு வசனத்தைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை.

சரி, அவர்கள் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1584இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி ஓர் ஆணை போட்டார். ரோமில் அடைக்கப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்த யூதர்கள், அவர்களை மதம் மாற்றுவதற்கென்றே நடத்தப்படும் பிரசங்கத்துக்குக் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். குடியிருப்பின் வாசலுக்கு எதிரே இருந்த தேவாலயத்தின் முகப்பில், ஏசாயா 65:2 எபிரெய மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது, இன்றும் பார்க்கலாம். முரட்டாட்டமான ஜனத்தை நோக்கி நாள் முழுவதும் கைநீட்டினேன் என்ற வசனம். அவர்களுடைய தீர்க்கதரிசி, அவர்களுடைய மொழி, அதையே எடுத்து அவர்களைக் குத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டாயப் பிரசங்கம் 1840களில்தான் நின்றது. நிறுத்தியவர் போப் ஒன்பதாம் பயஸ். அதே பயஸின் ஆட்சியில்தான் எட்கார்டோ மோர்த்தாரா விவகாரம் நடந்தது. பொலோனா நகரில் ஒரு யூதக் குடும்பம். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனபோது, இறந்துவிடுமோ என்று பயந்த கத்தோலிக்க வேலைக்காரப் பெண் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. சில வருடங்கள் கழித்து விஷயம் வெளியே வந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை யூதப் பெற்றோர் வளர்க்கக் கூடாது என்பது போப்பின் ஆட்சிப் பகுதியில் சட்டம். 1858 ஜூனில் போலீஸ் வந்து ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனது. ஐரோப்பா முழுக்கக் கூச்சல் எழுந்தது, பிரான்சின் மூன்றாம் நெப்போலியனே கேட்டுப் பார்த்தார். போப் அசையவில்லை. பையன் வளர்ந்து பாதிரியாராகி, யூதர்களை மதம் மாற்றப் பிரசங்கமும் செய்து, 1940இல் பெல்ஜியத்தில் இறந்தான். அந்த வேலைக்காரப் பெண்ணிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருப்பதே அதுதான்.

1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது, 1497இல் போர்ச்சுகல் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீட்டவில்லை.

"அது கத்தோலிக்கர் செய்தது, பழங்கதை" என்று நம் புராட்டஸ்டண்ட் ஆட்கள் சொல்வார்கள். 1999இல் அமெரிக்க சதர்ன் பாப்டிஸ்டுகள் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர் நாட்களுக்கென்றே யூதர்கள் மாற ஜெபிக்கும் கையேடு வெளியிட்டார்கள். ஒரு ஜனம் உபவாசம் இருந்து தன் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள் அது. அதைப் பார்த்து வேறு நாளே கிடைக்கவில்லையா என்று யூதர்கள் கேட்டது நியாயம்தானே?

இன்னொன்று, கணக்கு. 1939இல் உலகத்தில் யூதர்கள் சுமார் 1.65 கோடிப் பேர். இன்றுவரை அந்த எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. ஹிட்லருக்குத் தப்பிய வீட்டில் ஒரு பேரப்பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தால், நமக்கு அது ஓர் ஆத்துமா கிடைத்த சந்தோஷம். அந்தப் பாட்டிக்கு இன்னொரு சாவு. 1964இல் ரபி (யூத மத போதகர்) ஆபிரகாம் யோசுவா ஹெஷல் போப் ஆறாம் பவுலை நேரில் சந்தித்தார். யூதர்கள் ஒருநாள் சபையில் சேர்வார்கள் என்ற நம்பிக்கை, அப்போது கூடியிருந்த கத்தோலிக்க ஆயர்களின் வத்திக்கான் சங்கம் தயாரித்த அறிக்கையின் வரைவில் இருந்ததுதான் காரணம். மதமாற்றமா சாவா என்று கேட்டால் எந்த நிமிடமும் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்சுக்குப் போகத் தயார் என்று அவர் சொல்லியிருந்தார். தாயையும் சகோதரிகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர், அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. அடுத்த வருடம் வந்த அறிக்கையில் மதமாற்றப் பேச்சு இல்லை. 2015இல் வத்திக்கான், யூதர்களைக் குறிவைத்து நிறுவனரீதியாக எந்த மிஷன் வேலையும் செய்வதில்லை, ஆதரிப்பதும் இல்லை என்றே எழுதிவிட்டது. நம் பக்கம் அப்படி ஒரு வரி எழுதத் தைரியம் இருக்கிறதா?

"அப்படியானால் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்கிற மத்தேயு 28ஐக் கிழித்துவிடலாமா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: கேட்க வருகிறவருக்குச் சொல்லுங்கள், யார் தடுத்தது? யூதர்கள் உங்கள் கதவைத் தட்டி மதம் மாறச் சொல்வதில்லை. தானாகத் தேடிப் போகிறவரையே முதலில் திருப்பி அனுப்புவது ரபிகளின் பழைய வழக்கம். எல்லா ஜனத்திலும் உள்ள நீதிமான்களுக்கு வரும் உலகில் பங்குண்டு என்பது அவர்கள் போதனை. நான் நானாகவே இருந்தும் அவர்கள் கணக்கில் தப்பித்துக்கொள்வேன். நம் கணக்கில் அவர்களுக்கு அந்த இடம் இல்லை.

யூதர்கள் பக்கமும் எல்லாம் எனக்கு ஒப்புதல் என்றில்லை. கடவுளே இல்லை என்கிற யூதரை யூதர் என்கிறார்கள், இயேசுவை நம்பியவரை வெளியே நிறுத்துகிறார்கள். ஓஸ்வால்ட் ரூஃபைசன் என்ற போலந்து யூதர், ஜெர்மன் போலீசில் மொழிபெயர்ப்பாளராக ஒளிந்திருந்து, 1942இல் மிர் ஊர் யூதர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தார். சுமார் 300 பேர் காட்டுக்குத் தப்பினார்கள். அப்புறம் கன்னிமடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், துறவியுமானார். இஸ்ரேல் போய், யூதன் என்ற உரிமையில் குடியுரிமை கேட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மத சட்டப்படி அவர் யூதராகவே இருக்கலாம், ஆனால் சாதாரண யூதர் எவரும் ஒரு பாதிரியாரை யூதர் என்று சொல்ல மாட்டார் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அவர் விண்ணப்பம் போட்டு, பிற நாட்டவருக்கான வழியில் குடியுரிமை வாங்கி, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் ரோமையும் பொலோனாவையும் படித்த பிறகு, அந்த நீதிபதிகள் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.