600 அடி போர் போட்டால் தண்ணீர் வற்றாதா?

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு ஃபார்வர்டு: ‘சென்னைக்கு 600 அடி கீழே ஆறு ஓடுகிறது, போரை ஆழமாக்கினால் தண்ணீர் வற்றவே வற்றாது.’ தவறு. இதை நம்பிக் கடன் வாங்கிப் போர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கமெல்லாம் அடியில் சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதில் தண்ணீர் நிற்பது விரிசல்களில் மட்டும்தான், கீழே போகப் போக விரிசல் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும், அப்புறம் வெளியே பறப்பது வெறும் சாம்பல் நிறப் பொடிதான், ஆனால் அடிக்கணக்கில் காசு ஏறிக்கொண்டே இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூரில் கதையே வேறு. அங்கே மணல். மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, ஆழமாகப் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலேறி வந்துவிடும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

போரில் வருவது பெய்த மழைதான். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, 1,000 சதுர அடி மொட்டை மாடியில் அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. சரி, உங்கள் வீட்டுக் குழியில் கூழாங்கல் மேல் சேறு படிந்து அடைத்திருக்கிறதா? ஐப்பசிக்கு முன்னால் மூடியைத் திறந்து பாருங்கள்.