கண்டிப்பை விடப் பிரிவே பெரிது

சீனப் பதின்பருவத்தினரின் மனவாட்டத்துக்குப் பெற்றோரின் கண்டிப்பையே முதற்காரணமாக நான் படித்த ஒரு கட்டுரை காட்டுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. ‘குவான்’ என்னும் சீனச் சொல் அடக்கி ஆள்வதையும் அக்கறையோடு பேணுவதையும் ஒருங்கே குறிப்பதால், அங்குள்ள பிள்ளைகள் கண்டிப்பைப் பல வேளைகளில் அன்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அக்கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன, பெற்றோர் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் பிரிவுதான் பெரிது. ஒருவரின் உரிமைகளைப் பதிவுள்ள ஊரோடு பிணைக்கும், 1958 முதல் நடப்பிலுள்ள ‘ஹுகோவ்’ குடிப்பதிவு முறையால், தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத் தொழிற்சாலைகளுக்குப் பிழைக்கப் போகும் வெளிமாகாணப் பெற்றோரால் பிள்ளைகளை நகரத்து அரசுப் பள்ளிகளில் எளிதில் சேர்க்க முடிவதில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வையும் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்திலேயே எழுத வேண்டியிருப்பதால், பிள்ளைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் விடப்படுகிறார்கள். வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு மட்டும் வீடு திரும்பும் தாயிடம் பதினான்கு வயது மகள் எதை மனம்விட்டுச் சொல்வாள்? (கைபேசியில் தினமும் முகம் பார்ப்பது வேறு.) 2022 சனவரியில் நடப்புக்கு வந்த குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டம், பிள்ளைகளை வீட்டில் நெறிப்படுத்தி வளர்க்கும் கடமையை, உடன் வாழவே வழியில்லாத பெற்றோர்மீதும் சுமத்துகிறது.