சோம்பேறி என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துப் பேசியது எல்லார் வாட்ஸப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, திரும்ப விளக்க வேண்டாம். "ஓட்டுப் போடாத சோம்பேறிகள் ரோடு சரியில்லை, தண்ணி வரலை என்று புலம்பக் கூடாது." அதற்குக் கைதட்டல் வேறு.

சோம்பேறியாம். என் பெரியம்மாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

பெரியப்பா போன பிறகு பெரியம்மா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் வீட்டை விட்டு, அடுத்த ஊரான வெருலத்தில் மகனோடு இருக்கிறார். தேசியத் தேர்தல் நடந்த 2024 மே 29 அன்று விடிவதற்குள் குளித்து, விபூதி பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வரிசை பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும். மடக்கு நாற்காலியை நகர்த்தி நகர்த்தி மத்தியானம் வரை உட்கார்ந்து, உள்ளே போய் அட்டையை நீட்டினால், மெஷினைப் பார்த்த பெண் சொன்னாள்: "பேர் இருக்கு மா, ஆனா இங்க இல்ல." பழைய வீட்டு வார்டிலேயே பேர் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அவள் சட்டத்தைத்தான் சொன்னாள். முட்டி வலியோடு மறுபடி ஃபீனிக்ஸ் போய் இன்னொரு வரிசையில் நிற்க பெரியம்மாவால் முடியவில்லை. 1994 ஏப்ரலில் முதல் வாக்குப் போட்டதை இன்றைக்கும் நாள் கிழமையோடு சொல்கிற மனுஷி. அவரா சோம்பேறி?

2019இல் வேறு சாவடிக்குப் போனாலும் அங்கேயே ஒரு படிவம் எழுதிக் கொடுத்து வாக்களிக்க முடிந்தது. 2024இல் மே 17க்குள் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இதை நம் கோயிலில், சங்கத்தில், ஈமச்சடங்குக்குக் கூடுகிற இடத்தில் யாராவது ஒருத்தர் சொன்னாரா? உள்ளாட்சித் தேர்தலில் அந்த வழியும் கிடையாது. பதிவு செய்த சாவடியில்தான் போட முடியும். அதோடு தேர்தல் தேதி அரசிதழில் வருகிற அன்றே பட்டியல் மூடப்படும். 2024 மே தேர்தலுக்கு பிப்ரவரி 23இலேயே மூடிவிட்டார்கள். மே மாதம் விழித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

"இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒரு தம்பி போன பதிவிலேயே கேட்டார். இருக்கிறது தம்பி. உங்கள் பாட்டிக்கு அதைத் திறந்து காட்டினீர்களா?

சரி, உண்மையிலேயே அக்கறை இல்லாதவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பதிவு செய்தவர்களில் 1999இல் சுமார் 89 சதவீதம் பேர் வாக்களித்த நாட்டில் 2024இல் 59 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் சோம்பல் வந்துவிட்டதா?

இன்னொருத்தர் 1984ஐ இழுப்பார், தெரியும். நிறவெறி அரசு வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று அவைகள் வைத்து, கறுப்பின மக்களை வெளியே நிறுத்திய ஏற்பாடு அது. "முத்தரப்புப் பாராளுமன்றத்தை நம் ஆட்கள் புறக்கணித்தார்களே, போடாமல் இருப்பதும் எதிர்ப்புதானே." ஐயா, அன்று நம்மவர் உரிமைக்காகப் போராடிய நேட்டால் இந்திய காங்கிரஸ்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஏன் போடக் கூடாது என்று உட்கார்ந்து விளக்கினார்கள். பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் போய்ப் போட்டார்கள். அதற்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருந்தது. 1896இல் சட்டம் போட்டு நம்மவர் வாக்குரிமையைப் பறித்த மண் இது. வீட்டில் படுத்துக்கொண்டு 1984 என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் என் கோபம் படுத்திருப்பவர் மேல் இல்லை, மேடையில் இருப்பவர் மேல். வாக்காளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும், சாவடியில் பார்வையாளராக நிற்கவும் அமைப்புகள் தேர்தல் ஆணையத்திடம் அங்கீகாரம் கேட்கலாம், தேர்தல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எண்ணிக்கை பெரும்பாலும் அந்தந்தச் சாவடியிலேயே நடக்கிறது, முடிவை வெளியே ஒட்டுகிறார்கள். ராத்திரி கண்விழித்து எண்ணுவதைப் பார்க்கவும், ஒட்டியதைப் படம் எடுத்து வைக்கவும் நம் சங்கத்திலிருந்து யாராவது போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேர்தல் வந்தால் வேட்பாளருக்கு மாலை, பொன்னாடை, முன்வரிசை நாற்காலி. அதற்கு மட்டும் கமிட்டி கூடும். தைப்பூசத்தன்று காவடிக்கு வழிவிடச் சொல்லி அரைமணிக்கொரு தடவை அறிவிக்கிற மைக்கில், "உங்கள் வார்டைச் சரிபாருங்கள்" என்று ஒரு வரி சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளுமா?

துண்டறிக்கை தமிழில் வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். "இங்கே யார் தமிழ் படிக்கிறார்கள்?" நியாயம்தான், என் பிள்ளைகளே தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறார்கள். ஆனால் இந்த நாட்டு அரசியலமைப்பு மதித்து வளர்க்கச் சொல்லும் மொழிகளில் தமிழும் பேர் சொல்லி இருக்கிறது. கேட்டுப் பார்க்கக்கூட நமக்குக் கூச்சம்.

அடையாள எண்ணை 32810க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்தச் சாவடி என்று பதில் வரும். முகவரி மாறியிருந்தால் இணையத்திலேயே திருத்தலாம். அடுத்த கூட்டத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள், நானும் என் மகளும் லேப்டாப்போடு வந்து உட்காருகிறோம். மாலை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தால் போதும்.