கிரிவலப் பாதையில் தட்டு நீட்டுபவரின் பொறுப்பு

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் காலை, திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் குவிந்து கிடக்கும் குப்பையின் படங்கள் ஆண்டுதோறும் முகநூலில் வலம் வருகின்றன. அவற்றின் கீழே வரும் கருத்துகளும் மாறுவதில்லை. நம் மக்களுக்குப் பொறுப்பில்லை, எத்தனை தொட்டி வைத்தாலும் திருந்த மாட்டார்கள் என்பதே அவற்றின் சாரம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிரிவலம் வருபவர் யாரும் வீட்டிலிருந்து காகிதத் தட்டைக் கட்டிக்கொண்டு வருவதில்லை. அந்த 14 கிலோமீட்டர் பாதையில் சிதறிக் கிடக்கும் தட்டும் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பெரும்பாலும் யாரோ ஒருவர் புண்ணியம் கருதி அவர் கையில் கொடுத்தவையே. ஆகவே, குப்பையைக் குறைக்கும் பேச்சைக் கொடுப்பவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பௌர்ணமி இரவில் அன்னதான வண்டி ஒன்றின் அருகே சற்று நேரம் நின்று கவனித்தால் இது விளங்கும். சிறிய சரக்கு வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அண்டாவிலிருந்து சாம்பார் சாதத்தை அள்ளி, உட்புறம் வெள்ளிநிறத்தில் பளபளக்கும் காகிதத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே இருப்பார்கள். வாங்கியவர் நின்று உண்பதில்லை; பின்னால் வரும் கூட்டம் அவரை நிற்க விடுவதும் இல்லை. நடந்தபடியே நான்கு வாய் உண்பதற்குள் அடுத்த வண்டியில் வெண்பொங்கலோ புளியோதரையோ கண்ணில் படுகிறது, சுவாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை, கையிலிருந்த சாம்பார் சாதம் பாதியோடு நடைபாதை விளிம்புக்குப் போய்விடுகிறது. வண்டியை ஒட்டி வைத்த தொட்டியில் அதிகம் விழுவதில்லை, ஏனெனில் தட்டு காலியாகும் இடம் அதுவன்று. அங்கிருந்து நூறு நூற்றைம்பது அடி தள்ளித்தான் தட்டுகள் குவிகின்றன. தொட்டி வைக்க வேண்டிய இடமும் அதுவே. இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சோறும் குழம்பும் பிளாஸ்டிக் பூச்சும் ஒன்றாகக் கலந்துவிட்ட தட்டை உரமாக்கவும் முடியாது, மறுசுழற்சிக்கு அனுப்பவும் முடியாது. விடிய விடியக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர்களால் அதைக் கிடங்கில் கொண்டு கொட்டத்தான் முடியும். காற்றில் மலையடிவாரக் காட்டுக்குள் போய்விடுவதை அள்ளுவதற்கு ஆளே இல்லை. மாடும் மானும் அதை மேய்கின்றன.

சட்டம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர் மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றன. தீபத்தையொட்டி அன்னதானம் செய்யவே முன்அனுமதி பெற வேண்டும். துணிப்பை கொண்டுவரும் பக்தருக்குக் குலுக்கலில் தங்க நாணயம் பரிசளித்ததும் உண்டு. நல்ல முயற்சிதான், ஆனால் பரிசும் அறிவுரையும் வாங்கும் கையை நோக்கியே போகின்றன. கொடுக்கும் கையிடம் யாரும் கறாராகப் பேசுவதில்லை.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் எவர்சில்வர் தட்டில் உண்கிறார்கள், தொண்டர்கள் அவற்றைக் கழுவி அடுக்குகிறார்கள் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அது ஓரிடத்தில் அமர்ந்து உண்ணும் கூடம். நடந்தபடி உண்ணும் கூட்டத்துக்கு, நள்ளிரவில், லாரித் தண்ணீரை நம்பி அதே முறை சரிவராது. வாழையிலையையும் கையில் ஏந்தி நடக்க முடியாது. நமக்கு இலையால் செய்த சிறு கிண்ணமான தொன்னை இருக்கிறது. கைக்குள் அடங்கும், பெருமாள் கோயிலில் காலங்காலமாகப் புளியோதரை வாங்கி உண்ட பழக்கமும் உண்டு, அளவு சிறியது என்பதால் மிச்சமும் விழாது; ஒருவர் நான்கு இடத்தில் வாங்கினாலும் நான்கும் வயிற்றுக்குள் போகும். பூச்சுத் தட்டைவிடச் சற்று விலை கூடும்தான், ஆனால் அண்டா அண்டாவாகச் சமைப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிய சுமையாகாது என்றே நினைக்கிறேன். தண்ணீருக்குப் பாக்கெட்டே வேண்டியதில்லை. குழாய் வைத்த தொட்டிகளைப் பாதை நெடுகிலும் நிறுத்தினால் பாட்டில் வைத்திருப்பவர் நிரப்பிக்கொள்வார், மற்றவர்களுக்குச் சங்கிலி கட்டிய டம்ளர் போதும், நம் தண்ணீர்ப் பந்தல்கள் அப்படித்தான் நடந்தன.

இவ்வளவும் சொன்னால் அன்னதானத்துக்கே தடை போடுகிறார்கள் என்று ஒரு கூக்குரல் எழும். கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஒரே இரவில், ஒரே பகுதியில், ஒரே நேரத்தில் இருபது வண்டிகள் சாம்பார் சாதம் கொடுப்பதைப் பிரித்து அமைக்கலாம் என்கிறேன். ஈசானிய லிங்கத்தருகே திணறத் திணறச் சோறு, வேறொரு திருப்பத்தில் மோருக்குக்கூட வழியில்லை என்ற நிலை பக்தருக்கும் நல்லதன்று. அனுமதிச் சீட்டிலேயே இடம், நேரம், என்ன உணவு, எதில் வைத்துக் கொடுப்பது என்பதை எழுதிவிடலாம்.

அதோடு ஒரு முன்பணமும் வாங்க வேண்டும். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்ததும் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மது அருந்துபவரிடம் உயர் நீதிமன்றத் தலையீட்டால் நடைமுறைப்படுத்த முடிந்ததை, அறம் செய்ய வந்தவரிடம் மாவட்ட நிர்வாகம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தம் வண்டிக்கு முன்னும் பின்னும் இருநூறு அடியைத் துப்புரவாக்கி, பிரித்த குப்பையை ஒப்படைத்தவருக்கு மறுநாளே முழுத் தொகையும் திரும்பட்டும்; செய்யாதவரின் தொகை அந்த இரவில் அங்கே கூட்டிய தூய்மைப் பணியாளர்களுக்குக் கூடுதல் ஊதியமாகப் போகட்டும்.