டெக்ஸாவை விட்டுவிட்டீர்களே

புற்றுநோய்க்குக் கீமோ (மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்கள் நன்றாகத் தூங்க, ராத்திரி செல்போனையும் டீயையும் தவிர்க்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. சரிதான். ஆனால் டெக்ஸாமெத்தசோன் பற்றி ஒரு வரிகூட இல்லையே? கீமோவால் வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு அது. சாயங்காலம் போட்டால் பலருக்கு விடிய விடியக் கண் மூடாது.

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் என் மதினிக்கு இதுதான் நடந்தது. குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று வளைந்து வளைந்து பஸ்ஸில் வீடு சேரும்போது ஆள் துவண்டு போயிருப்பார். ஆனாலும் நடுச்சாமத்தில் அடுக்களையில் பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்கும். பார்க்க வந்தவர்களெல்லாம் "கவலைப்படாதே, தூக்கம் தானா வரும்" என்றார்கள். (சொல்வதற்கு என்ன, காசா பணமா!) மலையாள நர்ஸ் ஒருவர்தான் மருந்துச் சீட்டைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு, இரண்டாவது வேளையை மதியச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தார். அப்புறம் மதினி ஓரளவு தூங்கினார். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடும் சிலருக்கு ராத்திரியில் உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்து விழிப்பு வரும். அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். மெடிக்கலில் சொந்தமாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது பற்றி நீங்கள் தனிக் கட்டுரையே போடலாம்.